வேலை தேடிக் கொடுக்கும் வேலை

பிறருக்கு வேலை தேடிக் கொடுப்பதையே தமது வேலையாகக் கொண்டவர்கள் நம் நாட்டிற் பலர் இருக்கின்றனர். வைத்தியரின் தொழிலைப் பற்றி நாம் நிறையப் பேசுகின்றோம். ஆசிரியரின் தொழிலைப் பற்றியும் எழுதுகின்றோம். ஆனால், எத்தனையோ குடும்பங்களின் தாயையும் தந்தையையும் பிள்ளையையும் கடல் கடந்து அனுப்பிவைக்கும் அந்த மேசைக்காரரைப் பற்றிப் பேசுவோர் அரியர். பேசினாலும், 'ஏஜென்சிக்காரன்' என்ற ஒரே சொல்லோடு நிறுத்திவிடுவர். அச்சொல்லிற் கலந்துள்ள கசப்பு முழுவதும் நியாயமானதா? வெளிநாட்டு வேலைவாய்ப்பு முகவர் நிலையம் ஒன்றிலே சில காலம் இருந்து பணிபுரிந்தவர் என்ற முறையில், அங்கு நிகழ்வனவற்றை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம்.

கொழும்பு மருதானையிலும், குருநாகல் போன்ற நகரங்களிலும் இத்தகைய நிலையங்கள் பல உள்ளன. கீழே ஒரு கடை. அதன் பக்கத்தில் ஒடுக்கமான மாடிப்படி. மேலே ஏறினால் நீண்டதொரு வாங்கு, சுவரிலே விமானத்தின் படம், நாலைந்து மேசைகள். காலையிற் கதவு திறக்குமுன்னரே வாங்கு நிறைந்துவிடும். மூதூரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் இரவு முழுவதும் பஸ் வண்டியிற் பயணஞ் செய்து வந்தவர்கள். மலையகத்திலிருந்து இரவுப் புகையிரதத்தில் வந்திறங்கியவர்கள். எல்லாருடைய கையிலும் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதற்குள்ளே பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சில புகைப்படங்கள். ஒரு குடும்பத்தின் நம்பிக்கை முழுவதும் அவ்வுறைக்குள் அடங்கிக் கிடக்கும்.

வெளியே நின்று பார்ப்பவர்க்கு இது படிவம் நிரப்பும் தொழிலாகவே தோன்றும். வெளிநாட்டு எசமானர் ஒருவருக்கு ஆள் தேவைப்பட்டால், அந்நாட்டு முகவர் வாயிலாகக் கோரிக்கைப் பத்திரம் வரும். அதனை அங்குள்ள இலங்கைத் தூதரகம் அத்தாட்சிப்படுத்த வேண்டும். பின்னர் இங்கே, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெறவேண்டும். 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்ட அப்பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இன்றி வெளிநாட்டுக்கு ஆட்சேர்ப்பது குற்றமாகும். அதன்பின் மருத்துவப் பரிசோதனை, விசா, பயிற்சி, ஒப்பந்தம், பணியகப் பதிவு, காப்புறுதி, விமானச் சீட்டு என்று வாயில்கள் பல. ஒரு கோவை இவற்றையெல்லாங் கடப்பதற்குச் சில வாரங்களும் ஆகலாம். சில மாதங்களும் ஆகலாம். அதுவரை, "என்ர விசா வந்திட்டுதா, ஐயா?" என்ற குரல் தொலைபேசியில் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கும்.

படிவத்தில் இல்லாத வேலைகளே கடினமானவை. நெஞ்சுப் படத்திலே பழைய காசநோயின் தழும்பு ஒன்று தெரிந்தாற்கூட வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் ஆள் நிராகரிக்கப்படக்கூடும். தாலிக்கொடியை அடைவு வைத்துவிட்டு வந்து நிற்பவரிடம் அந்தச் செய்தியை யார் சொல்வது? மேசையில் இருப்பவரே சொல்லவேண்டும். சொல்லிவிட்டு, அடுத்த உறையைக் கையில் வாங்கவும் வேண்டும்.

பணம் யாருடையது?

இத்தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் அறிந்துகொள்ள வேண்டியது, பணம் எப்பக்கத்திலிருந்து வருகின்றது என்பதையே. சாரதியாகவும் கட்டடத் தொழிலாளியாகவும் போகும் ஆண்கள் பெரும்பாலும் தாமே பணங் கட்டுவர். வீட்டுப் பணிப்பெண்ணாகப் போகிறவர் விடயத்தில் நிலைமை தலைகீழானது. அங்கே எசமானர் பணம் அனுப்புவார். அதில் ஒரு பங்கைப் பயணத்துக்கு முன்னரே அப்பெண்ணின் கையிற் கொடுப்பதும் உண்டு. "கையிலே காசும் தந்து அனுப்புகிறார்கள்" என்று ஊரார் வியப்பர். ஆனால், அந்தக் காசு கூரைத் தகடாகவும் பழைய கடனுக்கு வட்டியாகவும் மாறிய பின்னர், "நான் போகவில்லை" என்று சொல்லும் உரிமை அவளிடம் எஞ்சுவதில்லை.

ஆளைக் கூட்டிவரும் ஊர்த் தரகருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. மேசையில் இருக்கும் எழுதுவினைஞருக்குச் சம்பளம் சொற்பம்; விமானம் ஏறிய ஆளுக்கு இவ்வளவு என்ற தரகுப் பணமே அவருடைய வீட்டு அடுப்பை எரிக்கும். தொழிலாளரிடம் நேராகவோ மறைமுகமாகவோ கட்டணம் அறவிடலாகாது என்பது, தனியார் வேலைவாய்ப்பு நிலையங்கள் குறித்துச் சர்வதேச தொழில் தாபனம் 1997ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சமவாயத்தின் கொள்கை. நல்ல கொள்கையே. ஆயினும், கட்டணத்தை எவர் தந்தாலும் அது ஆளை அனுப்பியதற்கே தரப்படுகின்றது. "இப்போது போகவேண்டாம், தங்கச்சி" என்று சொல்வதற்கு ஒருவரும் ஒரு சதமும் தருவதில்லை. இத்தொழிலின் நோய் இதுவே.

பழைய துண்டு

இந்நோய் புதிதன்று. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆள் திரட்டி வந்த கங்காணியார் ஒருவகையில் இம்மேசைக்காரரின் முன்னோரே. அவர் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டினார். வழிச்செலவுக்கு முற்பணங் கொடுத்தார். அம்முற்பணம் தொழிலாளியின் தலையிற் கடனாக ஏறியது. கடன் தீர்ந்தாலன்றி அவர் வேறு தோட்டத்துக்கு மாறமுடியாது. கடன் தொகையைக் குறித்து, அதனைச் செலுத்துகின்ற தோட்டத்துக்கு ஆட்களை விடுவதாக எழுதிக் கொடுத்த சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். 1921ஆம் ஆண்டுச் சட்டம் அத்துண்டு முறையை ஒழித்தது.

துண்டு ஒழிந்தது, ஆனால், ஆளைக் கட்டிவைக்கும் வழி முற்றாக ஒழிந்துவிடவில்லை. 1973ஆம் ஆண்டில் எண்ணெய் விலை உயர்ந்ததும் வளைகுடா நாடுகளிற் செல்வம் பெருகியது. அங்கே வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. அந்நாடுகளிற் 'கபாலா' என்ற முறையின்படி, தொழிலாளரின் விசா ஓர் எசமானரின் பெயரோடு பிணைக்கப்பட்டது. அண்மைக் காலத்திற் சில நாடுகள் இப்பிணைப்பைத் தளர்த்தியுள்ளன. ஆயினும், சவூதி அரேபியா 2021ஆம் ஆண்டில் நடைமுறைக்குக் கொண்டுவந்த சீர்திருத்தம் வீட்டுப் பணியாளரை உள்ளடக்கவில்லை.

இதனால் எழும் துன்பத்தை மேசையில் இருப்பவர் தொலைபேசியிலே கேட்பார். எசமானரின் பணத்துக்கு ஈடாக முகவர் நிலையங்கள் வழக்கமாக மூன்று மாத உத்தரவாதம் கொடுக்கின்றன. அதற்குள் பணிப்பெண் வேலை செய்ய மறுத்தால், நிலையம் வேறோர் ஆளை அனுப்பவேண்டும். அல்லது பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். ஆகவேதான், "உறக்கமில்லை, உணவில்லை, என்னை ஊருக்கு எடுத்துவிடுங்கள்" என்று அழுகின்ற குரலுக்கு, "கொஞ்சம் பொறு பிள்ளை, போகப் போகப் பழகிவிடும்" என்ற மறுமொழி கிடைக்கின்றது. வீட்டு நினைவினால் வரும் அழுகை சில வாரங்களில் ஆறிவிடும் என்பது உண்மை. அடி தாங்காமல் வரும் அழுகை ஆறுவதில்லை. இவ்விரண்டையும் குரலைக்கொண்டே பிரித்தறிவதுதான் இத்தொழிலில் அரிதிற் கிடைக்கும் பயிற்சி. பிரித்தறிந்த பின்னர், நிலையத்துக்கு நட்டம் என்று தெரிந்தும் தூதரகத்துக்குத் தகவல் கொடுப்பது அதனினும் அரிது.

ஆறு வயதைக் கூட்டிய கடவுச்சீட்டு

ஓர் எழுத்தின் பிழை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும் என்பதை மூதூர் மக்கள் மறக்கமாட்டார்கள். ரிசானா நபீக் 2005ஆம் ஆண்டில் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாகச் சென்றார். பிறப்புச் சான்றிதழின்படி அவர் பிறந்தது 1988ஆம் ஆண்டில். கடவுச்சீட்டில் எழுதப்பட்டிருந்ததோ 1982. பதினேழு வயதுச் சிறுமி, தாளிலே இருபத்துமூன்று வயதுப் பெண்ணாக விமானம் ஏறினார். சென்ற சில நாட்களுக்குள், அவருடைய பொறுப்பில் இருந்த கைக்குழந்தை ஒன்று இறந்தது. பாலூட்டுகையிற் குழந்தைக்குப் புரையேறியது என்று அவர் கூறினார். நீதிமன்றம் கொலைக்குற்றந் தீர்த்தது. பல நாட்டவரும் உயிர்ப்பிச்சை வேண்டி நின்றனர். எனினும், 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

நீதிமன்றங்களின் நியாயத்தை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கேட்பது சிறியதொரு கேள்வி. அக்கடவுச்சீட்டு எத்தனை கைகளைக் கடந்து சென்றிருக்கும்? அச்சிறுமியின் முகத்தையும் அத்திகதியையும் எத்தனை கண்கள் ஒருங்கே பார்த்திருக்கும்? அவற்றுள் ஒரு கை அக்கோவையை மூடியிருந்தாற் போதுமே!

மூடுகின்ற கைகளும் இல்லாமலில்லை. எம்மோடு பணிபுரிந்த பெரியவர் ஒருவர் பிறந்த திகதியைப் படிவத்திலிருந்து படிப்பதோடு நின்றுவிடமாட்டார். கிழக்கிலிருந்து வந்த பெண்பிள்ளை ஒருத்தியின் தாள்களில் 1992 என்று இருந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கடல் வந்த வருஷம் நீ எத்தனையாம் வகுப்பிலே படிச்சனீ, தங்கச்சி?" என்று கேட்டார். ஆழிப்பேரலை வந்தது 2004ஆம் ஆண்டு டிசெம்பரில். தாளின்படி அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கவேண்டும். அவளோ சிறிதும் யோசியாமல், "ரெண்டாம் வகுப்பு" என்றாள். கூட வந்த தரகர் தலையைக் குனிந்துகொண்டார். பெரியவர் கோவையை மூடி அவள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவள் அழுதாள், அவரைத் திட்டவும் செய்தாள். தரகர் சினத்தோடு படியிறங்கினார். முதலாளிக்கும் அன்று மனம் நிறைவாக இல்லை. அடுத்த தெருவிலும் மாடிப்படிகள் உண்டு என்பதை அப்பெரியவர் அறியாதவரல்லர். "எங்கட கையால வேண்டாம்" என்பதே அவர் சொன்ன சமாதானம். அன்று அவருக்குத் தரகுப் பணம் கிடைக்கவில்லை. அவ்வலுவலகத்திலே மிகவுந் திறமையாகச் செய்யப்பட்ட வேலை அதுவே என்பது எமது கருத்து.

நல்ல மேசைக்காரர் கேட்கும் வேறு சில கேள்விகளும் உண்டு. நீர் போன பின்னர் சிறுபிள்ளையை யார் பார்ப்பார்? அனுப்பும் பணம் யாருடைய பெயரில் வங்கியிற் சேரும்? போவது உம்முடைய விருப்பமா, வீட்டாருடைய விருப்பமா? இக்கேள்விகளை அரசாங்கமும் ஒருமுறை கேட்க முற்பட்டது. 2013ஆம் ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை முறை வந்தபோது, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுடைய தாய்மார் போவது தடுக்கப்பட்டது. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் அவ்விதி தளர்த்தப்பட்டது. அவ்வாண்டில் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள் அங்கே அகப்பட்டுத் தவித்த செய்தி வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். வறுமை கதவைத் தட்டும்போது விதியும் வளைகின்றது. வளையாதிருக்க வேண்டியது மேசையில் இருப்பவரின் மனம்.

குடும்பத்தினர்க்கு ஒரு வார்த்தை

வெளிநாடு செல்வது தவறென்று நாம் சொல்லவில்லை. அந்தப் பணத்தில் எழுந்த கல்வீடுகளையும், படித்துத் தேறிய பிள்ளைகளையும் நாமும் கண்டிருக்கின்றோம். ஆனால், செல்லுமுன்னர் சிலவற்றைச் செய்துகொள்ளுங்கள். முகவர் நிலையத்தின் அனுமதிப்பத்திர இலக்கத்தைப் பணியகத்தில் விசாரியுங்கள். 1989 என்ற தொலைபேசி இலக்கம் அதற்கென உள்ளது. சுற்றுலா விசாவில் வேலைக்குப் போகாதீர்கள். ஒப்பந்தத்தைத் தமிழிலே வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். அதன் பிரதியொன்றை வீட்டிலே வைத்துவிட்டுச் செல்லுங்கள். வயதையோ பெயரையோ ஓர் எழுத்தேனும் மாற்ற இணங்காதீர்கள். அவசரத்தில் உங்களுக்குத் துணை நிற்பவை அந்தத் தாள்களே.

இதனைப் படிக்கும் மாணவர்களுட் சிலர், நாளை இத்தகைய மேசையொன்றில் அமரக்கூடும். நல்ல ஆங்கிலமும் கணினி அறிவும் இருந்தால் வேலை கிடைத்துவிடும். மாத முடிவில் எத்தனை பேரை அனுப்பினீர்கள் என்று முதலாளி கேட்பார். அதற்கென ஒரு பதிவேடும் இருக்கும். எத்தனை பேரைத் தக்க காரணத்தோடு திருப்பி அனுப்பினீர்கள் என்பதற்குப் பதிவேடு கிடையாது. அக்கணக்கை நீங்களே மனத்தில் எழுதி வையுங்கள். மாடிப்படியில் ஏறி வருபவர், உறையை உங்கள் கையிலே தரும்போது, அதனோடு தம் வீட்டையும் சேர்த்தே தருகின்றார்.