சேர நாட்டின் பெயரில் ஒரு பச்சைக் கல்... குமரி மண் உலகுக்குத் தந்த அபூர்வ கனிமம்!

கன்னியாகுமரி மாவட்டம் என்றதும் விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, பத்மநாபபுரம் அரண்மனை, நேந்திரம் சிப்ஸ் என்று வரிசையாக நினைவுக்கு வரும். அந்த வரிசையில் யாரும் ஒரு கனிமத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால், உலகில் இதுவரை அங்கீகரிக்கப்பட்டிருக்கும் 6,000-க்கும் மேற்பட்ட கனிமங்களில் ஒன்று, இந்த மாவட்டத்தின் குட்டக்குழி என்ற சிற்றூரில்தான் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டது. அதன் பெயர் சேரலைட்.

பெயரில் இருப்பது சேரல்தான். இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் என்று பள்ளியில் படித்தோமே, அதே சேரல்! இந்தப் பெயர் நடுவில் கிட்டத்தட்ட பறிபோக இருந்தது. ஆப்பிரிக்காவில் இருக்கும் ஒரு பண்ணையின் பெயர் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. 27 வருடங்கள் கழித்துத்தான் சேரலைட்டுக்கு அதன் நாற்காலி முழுமையாகத் திரும்பக் கிடைத்தது.

1953-ல் நடந்தது என்ன?

இரண்டாம் உலகப் போர் முடிந்திருந்த நேரம். அணுகுண்டின் பலத்தை உலகம் பார்த்துவிட்டது. யுரேனியமும் தோரியமும் எங்கே கிடைக்கும் என்று நாடுகள் தேடிக்கொண்டிருந்தன. இங்கிலாந்தில், பிரிட்டிஷ் புவியியல் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த போவி, ஹார்ன் என்ற இருவர், இந்தியாவின் தென்முனையில் கிடைத்த ஒரு பச்சை நிறக் கனிமத்தை ஆராய்ந்தார்கள். இளம்பச்சையிலிருந்து கரும்பச்சை வரை போகும் நிறம். கதிரியக்கம் உண்டு. பார்த்தால் ஏற்கெனவே தெரிந்த மோனசைட் என்ற கனிமத்தின் உறவுக்காரர்போல இருந்தது. ஆனால், உள்ளே இருந்த சரக்கு வேறு.

இது புதிய கனிமம் என்று 1953-ல் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். திருவிதாங்கூரை உள்ளடக்கிய பகுதியின் பழைய திராவிடப் பெயரான ‘சேரல’ என்பதையே கல்லுக்கும் வைத்தார்கள். அப்போது குட்டக்குழி, திருவிதாங்கூர் - கொச்சி மாநிலத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ம் தேதி கல்குளம் உள்ளிட்ட தென் தாலுகாக்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. ஆக, சேரலைட்டுக்கு அதன் பெயர் கிடைத்து மூன்று வருடங்களில் அதன் சொந்த ஊர் மாநிலம் மாறிவிட்டது.

கடைசிப் பந்தியில் உட்கார்ந்த தனிமங்கள்

குட்டக்குழியில் இந்தக் கல் கிடைத்தது பெக்மடைட் எனப்படும் பாறையில். பூமிக்கு அடியில் உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது, எளிதில் இடம் கிடைக்கும் தனிமங்கள் முதலிலேயே சாதாரணக் கனிமங்களில் போய் உட்கார்ந்துகொள்ளும். அளவு பெரியது, மின்னூட்டம் ஒத்துவராதது என்று எங்கும் இடம் கிடைக்காத தனிமங்கள் காத்திருக்கும். கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர்களைப்போல! கடைசியாக எஞ்சும் குழம்பில் அவையெல்லாம் சேர்ந்து உட்காரும். அந்தக் கடைசிப் பந்திதான் பெக்மடைட். அரிய கனிமங்களைத் தேடுபவர்கள் பெக்மடைட் பாறைகளைச் சுற்றிச் சுற்றி வருவதற்குக் காரணமும் இதுதான்.

குட்டக்குழியில் இருந்த பெக்மடைட் சிதைந்து, வெள்ளை வெளேரென்ற சீனக்களிமண்ணாக மாறியிருந்தது. அந்தக் களிமண்ணில் கறுப்பு டூர்மலின், ஜிர்கான், புகை நிறக் குவார்ட்ஸ் ஆகியவற்றோடு சேரலைட்டும் கலந்து கிடந்தது. வைடூரியக் குடும்பத்தைச் சேர்ந்த கிரைசோபெரிலும் கூடவே இருந்தது.

பெட்ரோமாக்ஸ் முதல் பச்சைக் கல் வரை

சேரலைட்டைப் புரிந்துகொள்ள, அதன் பிரபலமான உறவுக்காரரான மோனசைட்டிடமிருந்து தொடங்குவது சுலபம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருப்பது அதுதான். பலரும் அங்கே உள்ள கறுப்பு மணலைத்தான் மோனசைட் என்று நினைக்கிறார்கள். அந்தக் கறுப்பு, டைட்டானியம் தரும் இல்மனைட் என்ற வேறு கனிமத்துடையது. சிவப்பு தெரிந்தால் அது கார்னெட். மோனசைட், தேன் நிறத்தில் அவற்றுக்கு நடுவே ஒளிந்திருக்கும்.

1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் திருவிதாங்கூர் மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். இங்கிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் அவருக்குத் துப்புக் கொடுத்தது என்று சொல்வார்கள். அவருக்கு வேண்டியிருந்தது தோரியம். அந்தக் காலத்து கேஸ் விளக்குகளின் மேன்டில், ஏறக்குறைய 99 சதவிகிதம் தோரியம் ஆக்சைடும் 1 சதவிகிதம் சீரியம் ஆக்சைடும் சேர்ந்தது. ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் செந்தில் நசுக்கி உடைப்பாரே, அந்த மேன்டில்தான்! பழைய பெட்ரோமாக்ஸின் பளீர் வெளிச்சத்துக்குப் பின்னால் இருந்தது இந்தக் கனிமக் குடும்பம்.

மோனசைட்டில் முக்கியமாக இருப்பவை சீரியம், லாந்தனம், நியோடிமியம் போன்ற அருமண் தனிமங்கள். மின்சார வாகனங்களின் மோட்டாரிலும் காற்றாலையிலும் இருக்கும் சக்திவாய்ந்த காந்தங்களுக்கு நியோடிமியம் வேண்டும் என்பதால், இப்போது உலகமே இவற்றின் பின்னால் ஓடுகிறது. இந்தியக் கடற்கரை மோனசைட்டில் தோரியம் ஆக்சைடு 9 சதவிகிதத்தை ஒட்டி இருக்கும். குட்டக்குழி சேரலைட்டில் அது 30 சதவிகிதத்தை ஒட்டி இருந்தது. கூடவே கொஞ்சம் யுரேனியமும்!

இவ்வளவு தோரியம் எப்படி உள்ளே நுழைந்தது? பதில், ஒன்றாம் வகுப்புக் கணக்கு. அருமண் தனிமத்தின் அணு ஒவ்வொன்றும் 3 நேர்மின்னூட்டம் கொண்டது. தோரியத்துக்கு 4. ஓர் அருமண் அணுவை வெளியே அனுப்பிவிட்டு தோரியம் தனியாக உட்கார்ந்தால் கணக்கு இடிக்கும். அதனால் அது துணைக்கு கால்சியத்தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. கால்சியத்துக்கு 2. இரண்டு அருமண் அணுக்கள் எழுந்து போனால் மூன்றும் மூன்றும் ஆறு. கால்சியமும் தோரியமும் ஜோடியாக வந்து உட்கார்ந்தால் இரண்டும் நாலும் ஆறு. கணக்கு நேர்! படிகத்தின் கட்டமைப்பு மாறுவதே இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும் மாறிவிடுகிறார்கள். இப்படிப் பெருமளவு ஆள் மாறிய மோனசைட்தான் சேரலைட்.

எடை அதிகம்... உடையாத மனசு!

சேரலைட்டின் அடர்த்தி 5.3-ஐ ஒட்டி இருக்கிறது. சாதாரண மணலில் உள்ள குவார்ட்ஸின் அடர்த்தி 2.65. அதாவது, ஒரே அளவு மணிகளில் இது இரண்டு மடங்கு கனம். கடினத்தன்மை 10-க்கு 5 என்ற அளவில்தான். வைரம் 10, குவார்ட்ஸ் 7. ஆகவே, பச்சை நிறத்தைப் பார்த்து மோதிரத்தில் பதிக்கலாமே என்ற எண்ணம் யாருக்கும் வர வேண்டாம். கீறல் விழும். தவிர, கதிரியக்கம் உள்ள கல்லை விரலில் மாட்டிக்கொள்வது நல்ல யோசனையும் இல்லை.

ஆனால், வேறொரு விஷயத்தில் இந்தக் குடும்பம் அசாத்தியமானது. தோரியம், யுரேனியம் இருக்கும் கனிமங்கள் உள்ளிருந்தே அடி வாங்குபவை. அணுக்கள் சிதையும்போது வெளியேறும் துகள்கள் படிகத்தின் ஒழுங்கைக் குலைத்துக்கொண்டே இருக்கும். பல கோடி ஆண்டுகளில் சில ஜிர்கான்கள்கூட உள்ளுக்குள் நொறுங்கி, படிக அமைப்பை இழந்து கண்ணாடிபோல ஆகிவிடுவது உண்டு. மோனசைட் வகையறா அப்படி ஆவது அபூர்வம். அடி விழ விழ, தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. குலைந்த அணுக்கள் மீண்டும் தங்கள் இடத்துக்கே திரும்பிவிடுகின்றன.

குமரி, தென்கேரளப் பகுதியின் பாறைகள் கடைசியாகப் பெரும் வெப்பத்தில் வெந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், அண்டார்டிகா எல்லாம் ஒரே நிலமாக ஒட்டியிருந்த காலம் அது. இந்தப் பாறைகளின் வயதைச் சொல்லும் கடிகாரமும் மோனசைட்தான். தோரியம் மெல்ல மெல்லச் சிதைந்து ஈயமாக மாறும். அதில் பாதி சிதையவே 1,400 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால் வயது தெரிந்துவிடும்.

இந்த உறுதிதான் அணு உலை விஞ்ஞானிகளின் கண்ணில் பட்டது. புளூட்டோனியம் போன்ற நீண்டகாலக் கழிவுகளைப் பத்திரமாக வைக்க ஒரு பெட்டி வேண்டும். கண்ணாடியில் உருக்கி அடைக்கும் முறை இப்போது இருக்கிறது. அதைவிட உறுதியாக, சேரலைட்டின் அதே அமைப்பில் செயற்கையாகப் பீங்கான் செய்து, தோரியத்தின் இருக்கையில் புளூட்டோனியம் போன்ற அணுக்களை உட்கார வைக்க முடியுமா என்று ஐரோப்பிய ஆய்வுக்கூடங்களில் ஆராய்ச்சிகள் நடந்திருக்கின்றன. பல கோடி ஆண்டுகள் தோரியத்தைச் சிந்தாமல் வைத்திருந்த கல்லைவிட நல்ல முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

வீட்டு முகவரி: 8-ம் வகுப்பு

கனிமங்களுக்கு வீட்டு முகவரிபோல ஒரு வகைப்பாடு உண்டு. சேரலைட்டின் வீடு 8-ம் வகுப்புத் தெரு. பாஸ்பேட்டுகளும் அவற்றின் நெருங்கிய உறவுகளும் குடியிருக்கும் தெரு அது. நம் பல்லிலும் எலும்பிலும் இருக்கும் அபடைட் வகைப் பொருளும், நீலப்பச்சை டர்க்காய்ஸ் கல்லும் இதே தெருதான். டர்க்காய்ஸின் படிகத்துக்குள் நீர் உண்டு. அபடைட்டில் பாஸ்பேட்டோடு ஃபுளூரின் போன்ற கூடுதல் ஆட்களும் உண்டு. சேரலைட்டில் நீரும் இல்லை, கூடுதல் ஆட்களும் இல்லை. பெரிய அணுக்களும் பாஸ்பேட்டும் மட்டும்தான். அதனால் மோனசைட் குழுவின் வீட்டில் அதற்கு இடம்.

சிக்கல் ஆரம்பித்தது வீட்டுக்குள்! 1980-ல் நமீபியாவின் கரிபிப் பகுதியில், பிராபண்ட் என்ற பண்ணையில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு ‘பிராபண்டைட்’ என்று பெயர் வைத்தார்கள். கால்சியம் - தோரியம் ஜோடி கிட்டத்தட்ட எல்லா இருக்கைகளையும் பிடித்துக்கொண்ட கல் அது. ஒரு முனையில் மோனசைட், மறு முனையில் பிராபண்டைட் என்று ஆனதும், சேரலைட் இரண்டுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு கலவை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பெயருக்குப் பின்னால் சீரியத்தைக் குறிக்கும் ஒட்டு வேறு மாட்டிவிட்டார்கள். அதன் அடையாளமே தோரியம்தான். ஆனால் பெயர்ப்பலகையில் சீரியம்!

கனிமவியலில் பெயர் வைப்பதற்குக் கறாரான விதிகள் உண்டு. ஓர் இருக்கை வரிசையில் பெரும்பான்மை யாரோ, அவர் பெயரில்தான் கனிமம். பாதிக்கு மேல் இருந்தால் போதும், முனைக்கு ஒரு பெயர், நடுவுக்கு இன்னொரு பெயர் என்று வைக்கத் தேவையில்லை. இன்னொன்று, முதலில் வைத்த பெயருக்கு முன்னுரிமை.

நெதர்லாந்தின் கீஸ் லின்ட்ஹவுட் இந்த இரண்டு விதிகளையும் எடுத்துவைத்து வாதாடினார். 2007-ல் முடிவு வெளியானது. குழுவை மூன்றாகப் பிரித்தார்கள். அருமண் தனிமங்கள் ஓங்கியிருந்தால் மோனசைட். பாஸ்பேட்டுக்குப் பதில் சிலிகேட் வந்து, தோரியம் மட்டும் ஓங்கியிருந்தால் ஹட்டனைட். இது நியூசிலாந்தின் கடற்கரை மணலில் கண்டுபிடிக்கப்பட்டது. கால்சியம் - தோரியம் ஜோடி ஓங்கியிருந்தால் சேரலைட். 1953-ம் ஆண்டின் பெயர், 1980-ம் ஆண்டின் பெயரை வென்றுவிட்டது. பின்னால் மாட்டியிருந்த சீரியம் ஒட்டும் கழற்றப்பட்டது.

பிராபண்டைட் என்ற பெயர் அதிகாரபூர்வமாக ரத்தானது. குட்டக்குழியிலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி, நமீபியாவின் அந்தப் பண்ணையில் கிடைத்த கற்களுக்கும் இன்று சேரலைட் என்றுதான் பெயர்.