பூட்டுக்கும் எல்லை உண்டா?

சுபாங் ஜெயாவில் வசிக்கும் மாணவி ஒருத்தி, கிள்ளானில் இருக்கும் தன் பாட்டிக்குப் புலனம்வழி செய்தி அனுப்புகிறாள். அச்செய்தி அவளது கைப்பேசியை விட்டுப் புறப்படும் முன்பே புரியாத குறியீடுகளாக மாறிவிடுகிறது. பாட்டியின் கைப்பேசியில் உள்ள மின்திறவுகோல் அதனை மீண்டும் படிக்கத்தக்கதாக மாற்றுகிறது. இம்முறையை மறையாக்கம் என்பர். இணைய வங்கிச் சேவைக்கும் இதுவே காவல்.

இத்தகைய மென்பொருள் ஒரு காலத்தில் அமெரிக்காவின் போர்த்தளவாடப் பட்டியலில் இடம்பெற்றிருந்தது. பகை நாடுகளும் குற்றவாளிகளும் தங்கள் திட்டங்களை மறைக்க இதைப் பயன்படுத்தக்கூடும் என அரசு அஞ்சியது. ஆகவே, வலிமையான மறையாக்க மென்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப உரிமம் தேவைப்பட்டது.

1991ஆம் ஆண்டில் பில் சிம்மர்மன் என்ற அமெரிக்க நிரலாளர், மின்னஞ்சலைப் பாதுகாக்கும் 'பிஜிபி' எனும் மென்பொருளை உருவாக்கினார். அதனை மூலநிரலுடன் இலவசமாகவும் வழங்கினார். இணையம்வழி அது கடல் கடந்து பரவியது. விளைவாக, 1993இல் அவர்மீது குற்ற விசாரணை தொடங்கியது. சிறை செல்ல நேரிடுமோ என்ற அச்சத்துடனேயே அவர் ஏறக்குறைய மூன்று ஆண்டுகளைக் கழித்தார். 1996இல், வழக்குத் தொடரப்படாமலேயே அவ்விசாரணை கைவிடப்பட்டது.

இதற்கிடையில், 1995இல் எம்.ஐ.டி. பதிப்பகம் அம்மூலநிரலை நூலாக வெளியிட்டது. வட்டில் அனுப்பத் தடை இருந்தது. அச்சிட்ட நூலுக்கோ தடை இல்லை! 1997இல் புதிய பதிப்பின் நிரலும் தாள்களில் அச்சாகி ஐரோப்பாவை அடைந்தது. தன்னார்வலர்கள் அதனை ஒளிவருடிமூலம் கணினியில் ஏற்றி, மீண்டும் மென்பொருளாக்கினர். தாளில் செல்லக்கூடியதை வட்டில் தடுப்பதால் என்ன பயன் என்ற கேள்வி வலுத்தது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கா விதிகளைத் தளர்த்தியது. யாவரும் பார்க்கும்படி வெளியிடப்படும் திறந்த மூலநிரலுக்கு வழி பிறந்தது.

எனினும், கட்டுப்பாடுகள் முற்றாக மறைந்துவிடவில்லை. மலேசியாவிலும் வியூக வணிகச் சட்டம் 2010 நடப்பில் உள்ளது. அச்சட்டத்தின் பட்டியலில் மறையாக்கம் சார்ந்த சில பொருள்களும் அடங்கும்.

பூட்டு வீட்டைக் காக்கும். திருடனின் பெட்டியையும் காக்கும். அதற்காகப் பூட்டே வேண்டாம் என்று நாம் சொல்வதில்லை. நாட்டின் பாதுகாப்பையும் தனிமனித அந்தரங்கத்தையும் ஒருசேரக் காப்பது எப்படி? நாளைய நிரலாளர்களாகிய நீங்கள் சிந்திக்க வேண்டிய வினா இது.