பச்சை உடம்பு – 6: சீட்டில் எழுதாத வலி

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில், மகளின் பேறுகாலத்துக்காக ஊரிலிருந்து டெல்லிக்கு வந்திருக்கும் அம்மாக்களைக் கையிலுள்ள சீட்டே காட்டிக்கொடுத்துவிடும். பூண்டு, சுக்கு, திப்பிலி, ஓமம், பெருங்காயம், நல்லெண்ணெய், கருப்பட்டி. அப்படியே மீன் கடைப் பக்கம் போய்ப் பால்சுறா உண்டா என்று ஒரு விசாரிப்பு. எய்ம்ஸும் சப்தர்ஜங் மருத்துவமனையும் பக்கத்திலேயே இருப்பதால் இந்தச் சீட்டுகள் கடைக்காரர்களுக்குப் புதிதல்ல.

பால் சுரக்க, வாயு அகல, இடுப்பு இறுக என்று எல்லாவற்றுக்கும் அதில் வழி உண்டு. தையல் போட்ட இடத்துக்கு மட்டும் ஒன்றும் இருக்காது. "உட்கார முடியலம்மா" என்பதற்கு மேல் மகளும் சொல்லியிருக்க மாட்டாள். பெற்ற தாயிடமே சொல்லக் கூச்சப்படும் வலி அது.

பிறப்புறுப்புக்கும் ஆசனவாய்க்கும் நடுவிலுள்ள சதை முதல் பிரசவத்தில் கிழிவது சகஜம். பல இடங்களில் மருத்துவரே கத்தரித்துவிடுவதும் உண்டு. எல்லோருக்கும் வழக்கமாக அப்படி வெட்டுவதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. 2018-ல் வெளியிட்ட பிரசவ வழிகாட்டியிலும் அதைச் சொல்லியிருக்கிறது. தையல் நூல் பெரும்பாலும் தானே கரைந்துவிடும். நாப்கினில் நூல் துணுக்கு தெரிந்தால் பதற வேண்டாம்.

முதல் ஓரிரு நாள் வீக்கத்துக்குக் குளிர்ச்சிதான் இதம். "பச்சை உடம்புக்காரிக்கு ஐஸா?" என்று பாட்டிகள் பதறுவார்கள். துணியில் சுற்றிய ஐஸைப் பத்து நிமிடம் அந்த இடத்தில் மட்டும் வைத்தால் ஜன்னி வராது. பிறகு, சுத்தமான அகலத் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, நாளுக்கு இரண்டு மூன்று முறை உட்காரலாம். டெட்டால் கலக்க வேண்டாம், வெறும் தண்ணீரே போதும். சிறுநீர் கழிக்கும்போது ஒரு குவளை வெந்நீரைக் கைபொறுக்கும் சூட்டில் மெல்ல ஊற்றிக்கொண்டால் எரிச்சல் தணியும். கழுவுவதும் துடைப்பதும் முன்னிருந்து பின்னாக. நாப்கினை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

எனக்கு ஆறாத கோபம் ஒன்றுண்டு. வயிறு பெருத்துவிடும் என்று பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிறோமே, அது! பால் கொடுப்பவளுக்குத் தாகம் அதிகம். தண்ணீரும் இல்லாமல், காய் கீரையும் இல்லாமல், மிளகு ரசமும் சோறுமாகப் பத்தியம் காத்தால் மலம் இறுகும். தையல் பிரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவள் அடக்குவாள். அடக்க அடக்க இன்னும் இறுகும். அவளுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வர வேண்டியது முருங்கைக்கீரையும் பப்பாளியும் வாழைப்பழமும்தான். லேகியம் கொடுப்பதானால் மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாம். சொன்ன அளவில் எடுத்தால் பால் குடிக்கும் குழந்தைக்குத் தீங்கில்லை.

வலி பொதுவாக இரண்டு மூன்று வாரத்தில் வடிந்துவிடும். குறைய வேண்டிய வலி கூடினாலோ, காய்ச்சல், சீழ், துர்நாற்றம் இருந்தாலோ, தையல் பிளந்தாலோ, மலமோ வாயுவோ அடக்க முடியாமல் போனாலோ ஆறாவது வாரச் சோதனைக்காகக் காத்திருக்கக் கூடாது. அன்றே காட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், இரவு பகல் பாராமல் உடனே கிளம்ப வேண்டும்.