கம்ப்யூட்டருக்குள்ளே ஒரு கடல்!

மெரினாவுக்குப் போனால் அலையில் கால் நனைத்துவிட்டு, சுண்டல் சாப்பிட்டுவிட்டு வந்துவிடுகிறோம். அடுத்த தடவை ஒரு டீஸ்பூன் கடல் தண்ணீரைக் கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால், அந்த 5 மில்லிக்குள் சுமார் 50 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். வைரஸ்கள் அதைப்போல பத்து மடங்கு!

"சரி, இருந்துட்டுப் போகட்டும். கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?" என்கிறீர்களா?

இருக்குங்க. அந்த 50 லட்சம் பேரில் யார் எதைத் தின்கிறார்கள், யார் பெருகுகிறார்கள், யார் காணாமல் போகிறார்கள் என்பதைச் சமன்பாடுகளாக எழுதி, கம்ப்யூட்டரில் ஓடவிட்டு பிஎச்.டி. வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். அதில் பயாலஜி படித்தவர்களும் உண்டு; கணக்கு, இயற்பியல், இன்ஜினீயரிங் படித்துவிட்டுக் கடலில் குதித்தவர்களும் உண்டு.

பூமியில் நடக்கிற ஒளிச்சேர்க்கையில் கிட்டத்தட்ட பாதி கடலில்தான் நடக்கிறது. மரம், செடி, கொடி எல்லாம் சேர்ந்து செய்கிற வேலையை, மிதக்கும் நுண்பாசிகள் சத்தமில்லாமல் செய்கின்றன. அவை இழுத்துக்கொள்ளும் கார்பனில் ஒரு பகுதி ஆழ்கடலுக்கு இறங்கிவிடுகிறது. இந்தக் கணக்கு புரியாவிட்டால் நாளைய பருவநிலை பற்றிச் சொல்வதிலும் ஓட்டை விழும்.

இட்லித் தட்டும் ஒரு தீசிஸும்

இந்தத் துறையின் அஸ்திவாரத்தில் இருப்பதே ஒரு டாக்டர் பட்ட ஆய்வுதான். பாரிஸில் ழாக் மோனோ என்கிற இளைஞர், சர்க்கரையை அளந்து போட்டால் பாக்டீரியா எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்த்தார். அவரது தீசிஸ் 1942-ல் வெளியானது.

அவர் கண்டதை ஹாஸ்டல் மெஸ்ஸை வைத்தே சொல்லிவிடலாம். தட்டில் இட்லியே இல்லையென்றால் சாப்பாட்டு வேகம் பூஜ்யம். இட்லி வர வர வேகமும் ஏறும். ஆனால், ஒரேயடியாக அண்டாவைத் தூக்கி வந்து வைத்தாலும் வாய் ஒன்றுதானே? ஒரு அளவுக்கு மேல் வேகம் ஏறாது. முதலில் ஏறி, பிறகு சமமாகிவிடும் அந்த வளைகோடுதான் மோனோ சமன்பாடு. வேறொரு ஆய்வுக்காக அவர் 1965-ல் நோபல் பரிசு வாங்கினார். இந்த வளைகோடோ, இன்றைக்கும் கடல் மாடல்களுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரே பந்தியில் இத்தனை பேரா?

1961-ல் ஹட்சின்சன் என்கிற சூழலியல் அறிஞர் ஒரு புதிர் போட்டார். கடலின் மேல்மட்டத்தில் சாப்பாடு என்பதே நைட்ரேட், பாஸ்பேட், இரும்பு என்று கொஞ்ச ஐட்டங்கள்தான். கணக்குப்படி பார்த்தால், போட்டியில் கெட்டிக்காரன் ஒருவன் ஜெயித்து மற்ற எல்லாரையும் விரட்டியிருக்க வேண்டும். ஆனால், ஒரு வாளி தண்ணீரில் பத்துப் பதினைந்து வகைப் பாசிகள் ஒன்றாக வாழ்கின்றனவே, எப்படி?

அவர் சொன்ன ஒரு பதில்: யாரோ ஒருவர் முழுசாக ஜெயிப்பதற்குள் சூழ்நிலையே மாறிவிடுகிறது. வெயில் கூடும், காற்று கலக்கும், நீரோட்டம் வேறு இடத்துக்கு இழுத்துப் போகும்... ஆட்டம் மறுபடி முதலிலிருந்து!

78 பேர் கலந்துகொண்ட போட்டி

இதைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்த்தால் என்ன? எம்.ஐ.டி.யில் மிக் ஃபாலோஸ், ஸ்டெஃபனி டட்கீவிச், பென்னி சிஸம் ஆகியோர் இருந்த குழு இறங்கியது. (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை பாஸ், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ்!) சிஸம் யார் தெரியுமா? 'ப்ரோகுளோரோகாக்கஸ்' என்கிற நுண்ணுயிரை 1988-ல் உலகுக்கு அறிவித்த குழுவில் முக்கியமானவர். ஒளிச்சேர்க்கை செய்கிற உயிர்களில் எண்ணிக்கையில் பூமியிலேயே நம்பர் ஒன் இதுதான். தலைமுடியின் குறுக்கே இதில் சுமார் நூறை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு பொடிசு என்பதால்தான் 1980-கள் வரை யார் கண்ணிலும் படவில்லை!

பழைய மாடல்களில் இரண்டு மூன்று பாசி வகைகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் குணங்களை ஆய்வாளரே எழுதிக் கொடுத்துவிடுவார். இவர்கள் அப்படிச் செய்யவில்லை. 78 பாசி வகைகளை உருவாக்கினார்கள். யாருக்கு எவ்வளவு வெளிச்சம், எந்த வெப்பம், எவ்வளவு சத்து என்கிற குணங்களைக் கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கிப் போடுகிற மாதிரி கொடுத்தார்கள். நீரோட்டம், பருவம் எல்லாம் உள்ள ஒரு கம்ப்யூட்டர் கடலில் அவர்களை இறக்கி, 10 வருடம் ஓடவிட்டார்கள்.

பலர் ஓரங்கட்டப்பட்டார்கள். சிலர் கடலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். சத்து குறைந்த வெப்பக் கடல்களில் ப்ரோகுளோரோகாக்கஸ் மாதிரியான பொடிசுகள். சத்து நிறைந்த குளிர் கடல்களில் டயாட்டம் மாதிரியான பெரியவர்கள். நிஜக் கடலிலும் அப்படித்தான்! 2007-ல் 'சயின்ஸ்' இதழில் இது வெளியானது. இந்த முயற்சிக்கு வைத்த பெயர், 'டார்வின்'. பொருத்தம்தானே?

மாணவர் என்னதான் செய்வார்?

கப்பல், டால்ஃபின், சூரிய அஸ்தமனம் என்று கனவு காண வேண்டாம். சிலருக்குக் கப்பல் பயணம் கிடைக்கும். ஆனால், பெரும்பாலான நாட்கள் ஸ்கிரீன் முன்னால்தான். கடலைப் பல்லாயிரம் பெட்டிகளாக வெட்டி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு உயிருக்கும் சமன்பாடு எழுதி, நிமிஷக் கணக்கில் நேரத்தை நகர்த்த வேண்டும். அதிலும் பெரிய மாடல்கள் பல இன்னும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கின்றன. தாத்தா காலத்து மொழி என்று சிரித்தவர்கள் கடைசியில் அதைத்தான் படிக்க வேண்டியிருக்கும்!

கோடிங்கைவிடக் கஷ்டமான விஷயம் ஒன்று உண்டு. மாடலில் திருகுவதற்கு நிறைய எண்கள் இருக்கும். வேண்டியபடி திருகினால் எந்த கிராஃபையும் பொருந்த வைத்துவிடலாம். "மேட்ச் ஆயிடுச்சு சார்!" என்று ஓடினால், "எதனால மேட்ச் ஆச்சு?" என்று கைடு கேட்பார். பதில் சொல்ல, ஒரு சமன்பாட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். அப்புறம் இன்னொன்றை. ப்ரோகுளோரோகாக்கஸுக்கே சுமார் 1,700 ஜீன்கள் இருக்கின்றன. எல்லாவற்றையும் உள்ளே திணிக்க முடியாது. எதை விட்டால் கடல் கடலாகவே இருக்கும், எதை விட்டால் குலைந்துவிடும்... இதைக் கண்டுபிடிக்கத்தான் அந்த ஐந்தாறு வருடம்.

ஒரு வளைகோடு மாறினால்...

இது வெறும் விளையாட்டில்லை என்பதற்கு உதாரணம் 2025-ல் வந்தது. ப்ரோகுளோரோகாக்கஸ் வெப்பக் கடலின் செல்லப்பிள்ளை. அதனால் கடல் சூடானால் அதற்குக் கொண்டாட்டம்தான் என்று பலரும் நினைத்திருந்தார்கள். வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு, பத்து வருடத்துக்கும் மேலாகக் கப்பல்களில் எடுத்த அளவுகளைப் பார்த்தது. சுமார் 28 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது பிரிந்து பெருகும் வேகம் மளமளவென்று இறங்குகிறது!

இந்தப் புதிய வளைகோட்டை உலகக் கடல் மாடலில் போட்டுப் பார்த்தார்கள். இந்த நூற்றாண்டின் கடைசியில், வெப்ப மண்டலக் கடல்களில் அதன் உற்பத்தி 17 முதல் 51 சதவிகிதம் வரை குறையலாம் என்று வந்தது. எவ்வளவு என்பது உலகம் எவ்வளவு சூடாகிறது என்பதைப் பொறுத்தது. அந்த இடத்தை வேறு யார் பிடிப்பார்கள், அதைத் தின்று வாழ்கிறவர்கள் கதி என்ன என்பதெல்லாம் இனிமேல் எழுதப்படவேண்டிய தீசிஸ்கள். அதில் ஒன்று ஏன் உங்களுடையதாக இருக்கக்கூடாது?

நீங்க ரெடியா?

டிஃபரென்ஷியல் ஈக்வேஷன், புள்ளியியல், பைத்தான், லினக்ஸ் இதெல்லாம் கைக்குப் பழகியிருக்கட்டும். பயாலஜியைப் போகப் போகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால், கற்றே ஆக வேண்டும்.

அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடு நேரடியாகவே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல் துறைகளில் ஃபீஸும் மாத உதவித்தொகையும் பெரும்பாலும் பல்கலைக்கழகமே பார்த்துக்கொள்ளும். எம்.ஐ.டி.யும் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் பிஎச்.டி. இதற்குப் பேர் போனது. இங்கேயே படிக்க விரும்பினால் கோவாவின் தேசிய கடலியல் நிறுவனம், ஹைதராபாத்தின் இன்காய்ஸ் பக்கம் பாருங்கள். நெட், கேட் தேர்வுகள் கைகொடுக்கும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன டெஸ்ட். பைத்தானில் இரண்டே சமன்பாடு எழுதுங்கள்: ஒன்று சத்துக்கு, ஒன்று அதைத் தின்னும் பாசிக்கு. மோனோ வளைகோட்டைப் போட்டு ஓடவிடுங்கள். பிறகு பாசியைத் தின்ன ஒரு ஆளை விடுங்கள். ஏறும், இறங்கும், சில சமயம் எல்லாமே செத்துப்போகும். "ஏன் செத்துச்சு?" என்று ராத்திரி இரண்டு மணிக்கும் தூக்கம் வராமல் எண்களை மாற்றிக்கொண்டிருந்தீர்கள் என்றால்... தைரியமாக அப்ளிகேஷன் போடலாம். டார்வின் மாடலின் கோடும் இலவசமாகவே இணையத்தில் இருக்கிறது. டவுன்லோட் பண்ணிடுங்க!