இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை

வெள்ளிக்கிழமை மாலையானால் மெல்பேர்ண் நகரின் வீட்டு வாசல்களில் ஒரு பரபரப்பைக் காணலாம். கார்களின் பின்கதவுகள் திறந்திருக்கும். ஐஸ் பெட்டி, போர்வைகள், மடக்கு நாற்காலிகள், பிள்ளைகளின் பந்து என்று ஒவ்வொன்றாக உள்ளே போகும். சனி, ஞாயிறு இரண்டு நாட்களையும் கடற்கரையிலோ மலையடிவாரத்திலோ உள்ள ஒரு சிற்றூரில் கழித்துவிட்டு வருவது அவுஸ்திரேலியக் குடும்பங்களின் நெடுநாளைய வழக்கம். திங்களும் விடுமுறையாகிவிட்டால் சொல்லவே வேண்டாம்.

அங்கே வசிக்கும் என் தங்கை குடும்பத்துடன் இப்படியான இரண்டு பயணங்கள் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. முதலாவது பயணத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு படபடக்கிறது. இரண்டாவதை நினைத்தால் மீண்டும் போக ஆசை வருகிறது. இரண்டுக்கும் இருந்த வேறுபாட்டைச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். நம்மில் பலருக்கு அங்கே உறவுகள் உள்ளனர். ஒருநாள் நீங்களும் அந்தக் காரின் பின் ஆசனத்தில் அமரக்கூடும்.

நம் நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு முதலில் பிடிபடாதது தூரம். அவுஸ்திரேலியப் பெருநிலத்து மாநிலங்களில் ஆகச் சிறியது விக்டோரியா. அந்தச் சிறிய மாநிலமே இலங்கையைப் போல் ஏறத்தாழ மூன்றரை மடங்கு பரப்புடையது. வாகனங்கள் நம்மைப் போலவே இடப்பக்கமாக ஓடுவதால் 'இதிலென்ன கஷ்டம்' என்று நம்மவர்கள் நினைத்துவிடுகிறார்கள். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் சாரதிக்குக் கண்ணயர நேரமேது? முச்சக்கரவண்டி குறுக்கே வரும், மாடு நிற்கும், பஸ் முந்தும். அங்கேயோ நாட்டுப்புறப் பெருவீதிகளில் மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில், வளைவில்லாத வீதியில், இருபுறமும் ஒரே மாதிரியான புல்வெளியைப் பார்த்தபடி போகவேண்டும். ஹோர்ன் சத்தம்கூட இல்லை. தாலாட்டுப் பாடுவது போன்ற வீதி அது.

முதல் பயணத்தில் நாங்கள் புறப்பட்டது வெள்ளி இரவு எட்டு மணிக்கு. தங்கையின் கணவர் அதிகாலை தொடங்கிய வேலையை முடித்துவிட்டு வந்து ஒரு தேநீருடன் காரில் ஏறினார். தங்கையும் அன்று விடிய நான்கு மணிக்கே எழுந்தவள். மூன்று வேளைக்கும் சாப்பாடு கட்டவேண்டும் என்று புளிச்சாதம், கட்லட், முட்டைப் பொரியல் எல்லாம் செய்து முடித்து, பிள்ளைகளின் உடுப்புகளை அடுக்கி, வீட்டையும் துடைத்துவிட்டே வந்து அமர்ந்தாள்.

"வழியிலை எங்கையாவது நிப்பாட்டுவமா தம்பி?" என்று கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. மூண்டு மணித்தியாலம்தானே, ஒரேயடியாய்ப் போயிடலாம்."

ஒரு மணித்தியாலத்தில் பிள்ளைகள் உறங்கிவிட்டனர். முன் ஆசனத்தில் தங்கையின் தலையும் சாய்ந்துவிட்டது. நானும் கண்ணை மூடியிருக்கவேண்டும். திடீரென்று காரின் அடியிலிருந்து 'கடகட'வென்று ஒரு பயங்கரச் சத்தம். வீதி ஓரத்து வெள்ளைக் கோட்டில் சிறு புடைப்புகள் வைத்திருக்கிறார்கள். சக்கரம் அதில் ஏறினால் இப்படி அதிரும். அந்த அதிர்வுதான் தம்பியை எழுப்பியது. காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார். நெடுநேரம் யாரும் பேசவில்லை.

மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு கார் ஒரு விநாடியில் ஏறத்தாழ 28 மீற்றர் ஓடும். நான்கு விநாடி கண்ணயர்ந்தால் நூறு மீற்றருக்கும் அதிகமான தூரத்தை யாரும் ஓட்டாத கார் கடந்துவிடும். அந்த நூறு மீற்றருக்குள் ஒரு யூகலிப்டஸ் மரம் போதும்.

இதை அந்நாட்டவர்கள் நன்கு அறிவார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை குறைந்தது பதினைந்து நிமிடம் நிறுத்தி இளைப்பாறுங்கள் என்பது அங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த அறிவுரை. வீதியோரமெங்கும் அதற்கான தரிப்பிடங்கள், மேசை வாங்கு, மலசலகூடம் எல்லாம் உண்டு. விடுமுறைக் காலங்களில் 'டிரைவர் ரிவைவர்' என்ற பெயரில் தொண்டர்கள் வீதியோரத்தில் நின்று சாரதிகளுக்கு இலவசமாகத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுக்கிறார்கள். அரைத் தூக்கத்தில் வரும் ஒருவரைக் கீழே இறக்கிக் கால்மணி நேரம் நிற்கவைப்பதுதான் அவர்களின் நோக்கம். தேநீர் அதற்கொரு சாட்டு.

இளைப்பாறுதல் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1922 இல் நியூ சவுத் வேல்ஸில் 'கன்ட்ரி விமன்ஸ் அசோசியேஷன்' என்ற நாட்டுப்புறப் பெண்கள் சங்கம் தோன்றியது. தொலைதூரப் பண்ணைகளிலிருந்து சாமான் வாங்கச் சிற்றூருக்கு வரும் பெண்களுக்கு அக்காலத்தில் குழந்தைக்குப் பாலூட்டவோ சற்றுக் கால் நீட்டி அமரவோ ஓர் இடமும் இருக்கவில்லை. ஆண்களுக்கு மதுச்சாலை இருந்தது! அப்பெண்களுக்காகச் சங்கத்தினர் ஊர் ஊராக ஓய்வறைகளை ஏற்படுத்தினார்கள். சங்கம் இன்றும் இயங்குகிறது. ஊர்க் கண்காட்சிகளில் இவர்கள் விற்கும் 'ஸ்கோன்' என்னும் சிறிய மென்மையான பணிஸுக்கு, ஜாமும் கிறீமும் தடவிச் சாப்பிட, வரிசையே நிற்கும்.

இரண்டாவது பயணத்துக்கு முன் தங்கையும் கணவரும் கலந்து பேசினார்கள். வெள்ளி இரவு புறப்படுவதில்லை. சனி காலை, நன்றாக உறங்கி எழுந்த பின். இருவரும் மாறி மாறி ஓட்டுவது. முன் ஆசனத்தில் இருப்பவர் உறங்கக்கூடாது. தங்கை தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்: "இந்தமுறை நான் சமைக்க மாட்டன்." ஐஸ் பெட்டியில் தண்ணீரும் பழங்களும் மட்டுமே ஏறின. மூன்று வயதுச் சின்னவனுக்குக் குழந்தை ஆசனம் சரியாக இறுக்கப்பட்டிருக்கிறதா என்று தம்பி இரண்டு முறை பார்த்தார். ஏழு வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தகுந்த ஆசனத்தில் அமர்த்தாமல் ஓட்டுவது அங்கே சட்டப்படி குற்றம். மடியில் வைத்திருக்கிறேன் என்று சொல்லமுடியாது.

நாங்கள் போனது 'கிரேட் ஓசன் ரோட்' என்னும் கடலோர வீதி. டோர்க்கி என்ற ஊரில் தொடங்கி அலன்ஸ்போர்ட் வரை 243 கிலோமீற்றர். முதலாம் உலகப்போரிலிருந்து திரும்பிய ஏறத்தாழ மூவாயிரம் போர்வீரர்கள், போரில் இறந்த தம் தோழர்களின் நினைவாக 1919 முதல் 1932 வரை மண்வெட்டியும் பிக்காசும் கொண்டு மலைச்சரிவைக் குடைந்து அமைத்தது. ஒருபுறம் பாறை, மறுபுறம் கடல். வளைவுகள் அதிகம் என்பதால் வேகமாக ஓட்டவும் முடியாது, உறங்கவும் முடியாது!

லோர்ன் என்ற ஊரில் முதல் நிறுத்தம். அடுத்தது அப்பலோ பே. அங்கே ஒரு பேக்கரியில் இறைச்சிப் பையும் மரக்கறிப் பையும் வாங்கிப் புல்தரையில் அமர்ந்து சாப்பிட்டோம். தங்கை காலை நீட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி இருந்தாள். அவள் அப்படிச் சும்மா இருந்ததை நான் கண்டு எத்தனையோ வருடங்கள்.

வெறும் பெட்டியுடன் போவதில் வேறொரு நன்மையும் உண்டு. 2019 - 2020 கோடையில் பெரும் காட்டுத்தீ மூண்டு பல சிற்றூர்கள் எரிந்தன. கிழக்கு விக்டோரியாவில் மல்லக்கூட்டா என்ற கடலோர ஊரில் சிக்கிக்கொண்ட ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கடற்படைக் கப்பல்கள் ஏற்றி வந்தன. அவர்களில் விடுமுறைக்குப் போன குடும்பங்களும் இருந்தன. தீ அணைந்த பின்னும் பயணிகள் வராமல் கடைகள் வெறிச்சோடின. அப்போது எழுந்ததுதான் 'எம்ரி எஸ்கி', அதாவது 'வெறும் ஐஸ் பெட்டி' என்ற இயக்கம். வெறும் பெட்டியுடன் போய், வேண்டியதை அந்த ஊர்க் கடைகளிலேயே வாங்குங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாம் வீட்டிலிருந்து மூன்று வேளைக்கும் கட்டிக்கொண்டு போனால் அந்தப் பேக்கரிக்காரிக்கு என்ன மிஞ்சும்?

கோடையில் போகிறவர்கள் தீ அபாய அறிவிப்பைப் பார்க்காமல் புறப்படக்கூடாது. வீதியோரப் பலகைகளில் அன்றைய அபாய நிலை காட்டப்பட்டிருக்கும். நான்கு நிலைகளில் கடைசி இரண்டில் ஒன்று என்றால் காட்டுப்பக்கப் பயணத்தை ஒத்திவைப்பதே புத்தி. முழுத் தீத்தடை நாளில் முகாம் நெருப்பும் மூட்டக்கூடாது. பல இடங்களில் கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்காது. எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டிலிருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டே போகவேண்டும்.

மாலையில் கடலுக்குள் நிற்கும் 'பன்னிரு அப்போஸ்தலர்' பாறைத் தூண்களைக் கண்டோம். பெயரில்தான் பன்னிரண்டு, ஒருபோதும் பன்னிரண்டு இருந்ததில்லையாம். 2005 இல் ஒன்று இடிந்து விழுந்தது. சற்றுத் தள்ளி 'லண்டன் பாலம்' என்ற பாறை வளைவு 1990 ஜனவரியில் கரையோடு இருந்த தொடர்பை இழந்து இடிந்தபோது, அப்பால் நின்ற இருவரை ஹெலிகொப்டரில் மீட்டார்கள். பெரியவள் கண்களை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சூரியன் மறையும் வரை நின்று பார்க்க எல்லோருக்கும் ஆசை. தம்பி இணங்கவில்லை. பொழுது சாயும் வேளையிலும் விடியற்காலையிலும்தான் கங்காருக்கள் மேய வரும். வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு வீதிக்குப் பாயும். அப்படி வந்தால் ஸ்டியரிங்கைத் திருப்பாமல் நேராகவே பிரேக் போடவேண்டும். விலகப்போய் மரத்தில் மோதியவர்களே அதிகம் வருந்துகிறார்கள் என்றார். மறுநாள் காலை வீதியோரத்தில் ஒரு தாய்க் கங்காரு இறந்து கிடந்தது. பாதுகாப்பாக நிறுத்தக்கூடிய இடமாக இருந்ததால் தங்கை இறங்கிப் போய் அதன் மடிப்பையைப் பார்த்தாள். தாய் இறந்தாலும் பைக்குள் குட்டி உயிருடன் இருக்கலாம். அப்படியானால் வனவிலங்கு மீட்புத் தொண்டர்களுக்கு அறிவிக்கவேண்டும். பை வெறுமையாக இருந்தது. அவள் திரும்பி வந்து கைகளைக் கழுவிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

ஞாயிறு பிற்பகல் திரும்பும்போது காரை அவளே ஓட்டினாள். வீட்டுக்கு இன்னும் நாற்பது நிமிடம் என்றிருக்கையில் ஒரு தரிப்பிடத்தில் நிறுத்தினாள். "கிட்ட வந்திட்டமே" என்றேன். "ரெண்டு மணித்தியாலமாச்சு அக்கா" என்று சொல்லிப் பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பிள்ளைகள் பின்னால் உறங்கிக்கொண்டிருந்தனர்.