இது என் கை

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் தொழிற்சாலைக்குள் போனால், தரம் பிரிக்கும் மேசையில் நிற்பவரின் விரல்களைக் கவனியுங்கள். பதனிட்ட தோலை விரித்துப் போட்டு, உள்ளங்கையால் ஒருமுறை நீவிவிடுவார். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, எப்போதோ ஆறிய புண்ணின் தழும்பு, எல்லாம் அந்த ஒரு நீவலில் அகப்பட்டுவிடும். தழும்புள்ள இடத்தில் சாயம் மற்ற இடத்தைப் போல ஏறாது. நல்ல தோலில் கொலாஜன் என்னும் புரத இழைகள் கோரைப்பாய் முடைந்தாற்போலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கின்றன. காயத்தை மூடும் அவசரத்தில் உடல் போடும் இழைகளோ ஒரே திசையில் நெருக்கி அடுக்கியவை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் இப்படித்தான். நமக்கும் இப்படித்தான்.

தழும்பைப் பார்த்துத் தோலுக்கு விலை குறைப்பது வியாபாரம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மனிதரையும் அதே கண்ணால் தரம் பிரித்தால் அந்த மனிதருக்குள் என்ன ஆகும்? தன் உடலைப் பற்றி ஒருவர் மனதில் வைத்திருக்கும் படம் எதனால் ஆனது? அது சிதைந்துபோனால் திரும்பக் கட்ட முடியுமா? இந்தக் கேள்விகளுக்கு ஆம்பூரிலிருந்து பாலாற்றை ஒட்டிக் கிழக்கே போனால் வரும் வேலூரில், சென்ற நூற்றாண்டின் நடுவில் ஒரு விடை கிடைத்தது. தொழுநோயாளிகளின் கைகளிலிருந்து கிடைத்த விடை அது.

பால் பிராண்டு 1914இல் கொல்லிமலையில் பிறந்தவர். பெற்றோர் அங்கே ஊழியம் செய்த ஆங்கிலேயர்கள். லண்டனில் அறுவை மருத்துவம் படித்து, 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார். அடுத்த ஆண்டு செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார். அங்கே ஒரு நோயாளியின் விரல்கள் பருந்தின் நகம்போல மடங்கி விறைத்திருந்தன. தன் கையை நீட்டி, “அழுத்திப் பிடியுங்கள்” என்று கேட்டுக்கொண்டார் பிராண்டு. உயிரற்ற கை என்று நினைத்தது இரும்புப் பிடியாகப் பிடித்தது. மருத்துவருக்கு வலி தாங்கவில்லை. பிடித்தவருக்கோ தான் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதே தெரியவில்லை.

சதை அழுகிவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று உலகமே நம்பிய கைக்குள் நல்ல தசை இருந்திருக்கிறது. அப்படியானால் கெட்டது எது? இறந்துபோன தொழுநோயாளி ஒருவரின் உடலைத் திறந்து, நரம்புகளை நெடுகப் பின்தொடர்ந்து பார்த்தபோது விவரம் புரிந்தது. தொழுநோய்க் கிருமி குளிர்ச்சியை விரும்புவது. மூக்கு, காதுமடல், கை, கால் என்று உடலின் குளிர்ந்த ஓரங்களில் குடியேறும். நரம்புகளிலும் தோலுக்கு மிக அருகே ஓடும் இடங்களைத்தான் அது பிடிக்கிறது: முழங்கை, மணிக்கட்டு, முழங்கால், கணுக்கால். முழங்கையில் ஒரு நரம்பும் மணிக்கட்டில் இன்னொன்றும் செத்துப்போகின்றன. விரல்களை நிமிர்த்தும் சிறு தசைகளுக்குச் செய்தி போவதில்லை. ஆனால் முன்கையின் ஆழத்தில், வெதுவெதுப்பில் இருக்கும் தசைகளில் பல தப்பித்துவிடுகின்றன.

நன்றாக இருக்கும் தசையின் நாணை எடுத்துச் செயலிழந்த விரலுக்கு மாற்றிக் கட்டினால் என்ன? 1948 முதல் வேலூரில் அதைச் செய்தார்கள். கட்டியதோடு வேலை முடியவில்லை. மோதிர விரலை மடக்கிக்கொண்டிருந்த நாணைக் கட்டைவிரலுக்கு மாற்றினால், கட்டைவிரலை அசைக்க நினைப்பவர் முதலில் ‘மோதிர விரலை மடக்கு’ என்றுதான் நினைக்க வேண்டும். கையைப் பார்த்தபடி, மணிக்கணக்கில், நாள்கணக்கில் பழக்க வேண்டும். ஒருநாள் நினைப்பு மாறிவிடும். கட்டைவிரல் என்றால் கட்டைவிரல் அசையும். கையை மாற்றிக் கட்டியது கத்தி என்றால், மூளைக்குள் இருந்த கையை மாற்றி எழுதியது அந்தப் பழக்கம்.

மூளைக்குள் இருக்கும் கை என்பது வெறும் உவமை இல்லை. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டு என்ற மருத்துவர் 1930களில், விழித்திருக்கும் நோயாளிகளின் திறந்த மூளையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, எந்த இடத்தைத் தொட்டால் உடலின் எந்தப் பகுதி சிலிர்க்கிறது என்று குறித்துக்கொண்டே போனார். உடல் முழுவதற்கும் அங்கே ஒரு வரைபடம் இருந்தது. அதில் முதுகு சுருங்கிக் கிடக்க, உதடும் விரல்களும் பெருத்து நின்றன. எந்த உறுப்பு எவ்வளவு செய்தி அனுப்புகிறதோ அவ்வளவு இடம் அதற்கு.

சரி, அந்தச் செய்தி நின்றுவிட்டால்? வேலூரில் பிராண்டிடம் சில இளம் நோயாளிகள், தங்கள் கையும் காலும் தங்களுடையவை போலவே தோன்றவில்லை, ஏதோ கருவியைத் தூக்கிக்கொண்டு திரிவது போல இருக்கிறது என்று சொன்னார்களாம். அடுப்பிலிருந்து கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குவார்கள். காலில் முள் தைத்தாலும் நடந்துகொண்டே இருப்பார்கள். அவர்களுக்கு அக்கறை இல்லாததால் வந்தது இல்லை இது. வலி என்பது ‘இது உன்னுடையது, பார்த்துக்கொள்’ என்று உடல் சொல்லிக்கொண்டே இருக்கும் சொல். அந்தச் சொல் நின்றதும் உரிமையும் கழன்றுவிட்டது.

1998இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேத்யூ பாட்வினிக், ஜொனாத்தன் கோஹன் இருவரும் செய்த ஒரு சின்னச் சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உங்கள் கையை ஒரு தடுப்புக்குப் பின்னால் மறைத்துவிட்டு, கண்ணெதிரே ஒரு ரப்பர் கையை வைக்கிறார்கள். இரண்டையும் ஒரே நேரத்தில், ஒரே மாதிரி, தூரிகையால் வருடுகிறார்கள். கொஞ்ச நேரத்தில் ரப்பர் கையே உங்கள் கை என்று தோன்றத் தொடங்கிவிடும்! கண் பார்ப்பதும் தோல் உணர்வதும் ஒத்துப்போனால் மூளை அதை ‘என்னுடையது’ என்று எழுதிக்கொள்கிறது. ரப்பரையே சொந்தமாக்கிக்கொள்ளும் மூளை, உணர்ச்சியற்ற சொந்தக் கையை அந்நியமாக்கிவிட்டதில் வியப்பில்லை.

இன்னொன்று இதைவிட ஆச்சரியமானது. விபத்தில் கையை இழந்தவர்களுக்கு இல்லாத கை இருப்பது போலவே தோன்றும், அரிக்கும், வலிக்கும். தொழுநோயில் பல ஆண்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து விரல்களை இழந்தவர்களுக்கு அப்படித் தோன்றுவதில்லை என்று மரியான் சிம்மல் என்ற உளவியலாளர் 1956இல் எழுதினார். மெதுவாகப் போனதை மூளையும் மெதுவாக விட்டுக்கொடுத்துவிட்டது போலும். ஆனால் எஞ்சிய பகுதியை அறுவையில் நீக்க நேர்ந்தவர்களுக்கு இல்லாத உறுப்பின் உணர்வு வந்தது. என்றோ கரைந்துபோன விரல்களையும் சேர்த்து முழுமையாக வந்ததும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன் இதை எடுத்துப் பேசியிருக்கிறார். உடல் மறந்ததை மூளை எங்கோ மடித்து வைத்திருக்கிறது. ஒருவர் தன் உடலைப் பற்றி வைத்திருக்கும் படம் அவ்வளவு பிடிவாதமானது. அதே சமயம் அவ்வளவு இளகியது.

வேலூர் கதைக்குத் திரும்புகிறேன். மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே மண் சுவர்க் குடிசைகள் எழுப்பி, நவஜீவ நிலையம் என்று ஓர் இல்லம் தொடங்கினார்கள். அங்கிருந்த இளைஞர்களின் கைகளைத் தினமும் பார்த்து, ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேடினார்கள். தொழுநோயில் விரல் தானாக உதிரும் என்ற நம்பிக்கை அப்போதுதான் உடைந்தது. சூடான பாத்திரம், சுத்தியலின் பிடி, சாவியைத் திருப்பிய அழுத்தம் என்று ஒவ்வொன்றாகக் காரணம் தெரிந்தது. ஒன்று மட்டும் புரியவில்லை. இரவு முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. விழித்திருந்து காவல் காத்தபோது தெரிந்தது: எலி. தூங்குகிறவருக்கு வலிக்கவில்லை, அதனால் விழிக்கவில்லை. அதன்பிறகு வீடு திரும்புகிற நோயாளிகள் கையில் ஒரு பூனையோடு போனார்கள். இதைப் படித்த நாளிலிருந்து எனக்குப் பூனையைப் பார்த்தால் இந்த நினைவு வராமல் இருந்ததில்லை. உணர்ச்சி போன விரலுக்கு ஒரு பூனை காவல்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு நோயாளி பிராண்டிடம் வந்து முறையிட்டார். கை நேரானதும் பிச்சை நின்றுவிட்டது. முகத்தைப் பார்த்து வேலையும் ஒருவரும் தருவதில்லை. மடங்கிய கை இருந்தபோது சோறாவது கிடைத்தது! எனக்கு இந்தக் கதை முழுவதிலும் இதுதான் திருப்பம். கையைச் சரிசெய்துவிட்டோம் என்று மருத்துவர்கள் நினைத்திருந்தார்கள். அந்த மனிதரோ ஊராரின் கண்ணில் இருந்த உடலுக்குள்ளேயே இன்னும் வாழ்ந்துகொண்டிருந்தார். நம் உடலின் மனப்படத்தைப் பற்றி 1935இல் தனி நூலே எழுதிய வியன்னா மருத்துவர் பால் ஷில்டர் இதை அழுத்திச் சொன்னவர்: அந்தப் படத்தை நாம் தனியாக வரைவதில்லை, நம்மைப் பார்க்கிறவர்களும் சேர்ந்துதான் வரைகிறார்கள்.

ஆகவே வேலூரில் மருத்துவம் கையிலிருந்து முகத்துக்குப் போனது. கூடவே தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார்கள். தொழுநோய் புருவத்தை உதிர்த்துவிடும். ஊரார் ஆளை அடையாளம் கண்டு விலக அது ஒன்றே போதும். தலையில் முடியுள்ள தோலில் ஒரு துண்டை, அதன் இரத்தக் குழாய் அறுபடாமல், நெற்றித் தோலுக்கு அடியில் நுழைத்துக் கொண்டுவந்து புருவமாக வைத்துத் தைத்தார்கள். தலைமுடி அல்லவா, வளர்ந்துகொண்டே போகும், கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்கவே இல்லை. தடித்து நீண்டு கண்ணில் விழும்வரை பெருமையாக வளர்த்துக்கொண்டார்கள். பல ஆண்டுகள் வெறும் நெற்றியோடு தலைகுனிந்து நடந்தவருக்கு அது எப்படிப்பட்ட செல்வம் என்று யோசித்துப் பாருங்கள். மூக்கும் அப்படித்தான். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்குச் சிகிச்சை செய்த ஹெரால்டு கில்லீஸ், தொழுநோயில் மூக்கின் வெளித்தோல் கெடுவதில்லை, உள்ளே இருக்கும் சவ்வு சுருங்கி இழுத்துக்கொள்கிறது என்று கண்டிருந்தார். உள்ளே புதுத் தோல் ஒட்டி விரித்துவிட்டால், அமுங்கிப்போன மூக்கு அவரவர் சொந்தத் தோலோடு எழும்பி வந்துவிடும்.

மேரி வர்கீஸைச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. சி.எம்.சி.யில் பயின்ற இளம் மருத்துவர். 1954 ஜனவரியில் ஒரு வண்டி விபத்து. முகத்தில் காயம், இடுப்புக்குக் கீழே செயலில்லை. கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாம் என்று அவருக்கு வழி காட்டப்பட்டது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்தார். தன் கை போயிற்று என்று அழுத ஒருவர் நிமிர்ந்து, தன் எதிரே கால் அசையாத மருத்துவரைக் காணும்போது அங்கே என்ன பேச்சு தேவை? வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பிய அவரே, 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் அமைய முதல் காரணம். 1972இல் பத்மஸ்ரீ பெற்றார்.

ஆம்பூரின் தொழிலுக்கு அருகில் வரும் ஒரு செய்தியும் உண்டு. நமக்குச் செருப்பு கடித்தால் தெரியாமலே பாதத்தைக் கொஞ்சம் மாற்றி ஊன்றுவோம். நீண்ட தூரம் நடந்தால் நடையே மாறும். உணர்ச்சியற்ற பாதம் மாற்றாது. ஒரே இடம் ஆயிரம் தடவை மிதிபட்டுப் புண்ணாகும். இதைத் தடுக்க, நுண்ணிய காற்றறைகள் கொண்ட மென்மையான ரப்பரில் செருப்பு செய்தார்கள். இதை எம்.சி.ஆர். செருப்பு என்பார்கள். வேலூருக்கு அருகே 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் ஆய்வு நிலையமும் அதை நோயாளிகளுக்குச் செய்து கொடுத்தது. புண் குறைந்தது. ஆனால் ஊரில் அந்தக் கறுப்புச் செருப்பே அடையாளமாகிவிட்டது. காலைக் காத்த செருப்பைப் பலர் போடவே கூசினார்கள். பிறகுதான் உள்ளே அந்த ரப்பரும் வெளியே கடைச் செருப்பின் தோற்றமுமாக மாற்றிச் செய்தார்கள். அழகு என்பது மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் ஆடம்பரம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தோற்றம் பிடிக்காத மருந்தை மனிதர் சாப்பிடுவதில்லை. 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை தொழுநோயை ஆறு மாதத்தில் அல்லது ஓராண்டில் குணமாக்குகிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். அதில் குளோஃபாசிமின் என்ற மருந்து சிலருக்குத் தோலைக் கருமையாக்கும். நிறுத்தியபின் மெல்ல மறையும் நிறம்தான் அது. அதற்கு அஞ்சியே மாத்திரையைத் தவிர்ப்பவர்கள் உண்டு. கறுப்பு என்றால் குறை என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் இங்கே வந்து ஒரு நரம்பைக் கொல்கிறது.

அந்தப் பாடம் தொழுநோயோடு நிற்பதில்லை. பரு, தேமல், வெண்புள்ளி, உடல் எடை, பிரசவத் தழும்பு என்று எதைக் கொண்டாவது ஒருவர் தன்னைத்தானே தரம் பிரிக்கும் மேசையில் போட்டுக்கொள்கிறார். நீவிப் பார்க்கும் கை இப்போது கைபேசிக்குள் இருக்கிறது. சாப்பாட்டை ஒதுக்கும் அளவுக்கோ வெளியே வர மறுக்கும் அளவுக்கோ அது போனால், 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. சட்டமும் அதே கண்ணால்தான் பார்த்தது: தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாக வைத்திருந்த சட்டப் பிரிவுகள் 2019இல்தான் நீக்கப்பட்டன. சட்டம் அவ்வளவு தாமதம் என்றால், வீட்டுக்குள் சொல்லும் சொற்களை மாற்ற இன்னும் அவசரம் வேண்டும்.

தொழுநோயிலிருந்து குணமானவர்கள் பல ஊர்களில் சிறு குழுவாகக் கூடி உட்காருகிறார்கள். போன கால் உணர்ச்சி பெரும்பாலும் திரும்பாது. ஆகவே தினமும் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டித் தண்ணீரில் பாதங்களை அரைமணி ஊறவைப்பார்கள். காய்ப்பேறிய தோலைச் சொரசொரப்பான கல்லால் தேய்த்து எடுத்து, ஈரம் காய்வதற்குள் எண்ணெய் தடவுவார்கள். தன் உள்ளங்காலைத் தானே பார்ப்பது கடினம். அதற்கு ஒரு கைக்கண்ணாடி. கண்ணாடி கைக்கு வர நேரமானால் பக்கத்தில் இருப்பவர் குனிந்து பார்த்து, “அக்கா, குதிகாலில் சிவந்திருக்கு, இன்னிக்கு நடையைக் குறைச்சிக்குங்க” என்பார். அந்த அக்கா காலை நீட்டிக் கையால் தடவிப் பார்த்துக்கொள்வார்.