ஹான் சோலோவின் துப்பாக்கி: நகலும் தேய்மானமும்

1977 மே மாதம் வெளியான ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹாரிசன் ஃபோர்ட் நடித்த ஹான் சோலோவின் இடுப்பில் தொங்கும் டிஎல்-44 பிளாஸ்டர், 1896இல் ஜெர்மனியில் உற்பத்திக்கு வந்த மௌசர் சி96 கைத்துப்பாக்கியை அடித்தளமாகக் கொண்டது. 1898இல் சூடானில் நடந்த ஓம்துர்மான் போரில் இளம் வின்ஸ்டன் சர்ச்சில் வைத்திருந்ததும் இதே ரகம்தான். திரைப்படங்களுக்கு ஆயுதங்களை வாடகைக்கு விடும் லண்டன் நிறுவனமான பாப்டியிடமிருந்து அந்த மௌசர் வந்தது. அதன் குழல்வாயில், இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் விமானங்களில் இருந்த எம்ஜி 81 இயந்திரத் துப்பாக்கியின் கூம்பு வடிவச் சுடர் மறைப்பானை மாட்டினார்கள். மேலே ஒரு பழைய ஹென்சோல்ட் ஸ்கோப்பை ஏற்றினார்கள். பக்கவாட்டில் சில உலோகத் துண்டுகள் சேர்ந்தன. எதிர்காலத் துப்பாக்கி தயார்.

படத்தின் அரங்க அலங்காரத்தைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் இந்த வழியைத் தேர்ந்ததற்குக் கைப்பணம் குறைவு என்பது ஒரு காரணம். இன்னொன்று, நிஜத் துப்பாக்கியில் குண்டில்லாத வெற்றுத் தோட்டாவை வெடித்தால் சுடரும் புகையும் உதைப்பும் தாமாகவே கிடைக்கும். நடிகர் பாவனை செய்யத் தேவையில்லை. சீறிப் பாயும் ஒளிக்கீற்றைப் பிறகு ஃபிலிமில் சேர்த்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பல காலம் புழங்கி அழுக்கேறிய ஓர் உலகத்தைக் காட்ட இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் விரும்பினார். அதுவரை வந்த விண்வெளிப் படங்கள் பலவற்றில் பொருள்கள் அன்றுதான் கடையில் வாங்கியவை போல மின்னின. இங்கே விண்கலத்தின் சுவரிலும் கறை, ரோபோவின் உடம்பிலும் கீறல். அந்த ஆண்டுக்கான கலை இயக்க ஆஸ்கர் விருது கிறிஸ்டியனுக்கும் அவருடைய சகாக்களுக்கும் கிடைத்தது முற்றிலும் பொருத்தமே.

இதே முறையில் பிறந்தவை இன்னும் பல. ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் வரும் லூக் ஸ்கைவாக்கரின் ஒளிவாளின் பிடி, 1940களில் பத்திரிகைப் புகைப்படக்காரர்கள் கேமராவோடு இணைத்துப் பயன்படுத்திய கிராஃப்ளெக்ஸ் ஃபிளாஷின் பேட்டரிக் குழாய். அதே படத்தின் படைவீரர்கள் ஏந்தும் இ-11 பிளாஸ்டர், பிரிட்டிஷ் ராணுவத்தின் ஸ்டெர்லிங் துணை இயந்திரத் துப்பாக்கி. 1982இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தின் கைத்துப்பாக்கியில் ஆஸ்திரிய ஸ்டெயர் மான்லிக்கர் துப்பாக்கியின் பாகங்களும் அமெரிக்க சார்ட்டர் ஆர்ம்ஸ் ரிவால்வரும் ஒன்றாக இணைந்திருக்கின்றன.

இப்படி நிஜப் பொருள்களிலிருந்து பிறந்திருப்பது, திரையில் கண்டதை நகல் செய்வோருக்குப் பெரிய அனுகூலம். கற்பனையில் பிறந்த பொருளுக்குப் படத்தில் தெரியும் உருவம் ஒன்றே சான்று. டிஎல்-44க்கோ, அதன் பெரும்பகுதிக்கு அருங்காட்சியகத்தில் வைத்து அளக்கக்கூடிய மூலம் இருக்கிறது. சாதாரண மௌசர் சி96இன் மொத்த நீளம் 312 மில்லிமீட்டர், குழல் 140 மில்லிமீட்டர். படச்சட்டகத்தில் மாற்றப்படாத மௌசர் பாகம் ஒன்றை அளவுகோலாக வைத்து, பக்கத்தில் உள்ள தெரியாத பாகத்தின் அளவைக் கணக்கிடலாம். இரண்டும் கேமராவிலிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. லென்ஸுக்கு அருகில் நீட்டிய குழல்வாய் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும். அந்தக் காட்சியிலிருந்து அளவெடுத்தால் நகல் கோணலாகும். தொலைவிலிருந்து நீண்ட குவியதூர லென்ஸில் பக்கவாட்டாக எடுத்த படமே நம்பத்தக்கது.

உடலைச் செய்ய இன்று இரண்டு வழிகள் பரவலாக உள்ளன. ஒன்று முப்பரிமாண அச்சு. உருகிய பிளாஸ்டிக் இழையை 0.1 அல்லது 0.2 மில்லிமீட்டர் அடுக்குகளாக இடும் இயந்திரம், ஒவ்வோர் அடுக்கின் விளிம்பையும் வரியாக விட்டுச் செல்லும். அந்த வரிகள் மறையும்வரை பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்க்க வேண்டும். பொறுமையைக் கேட்கும் கட்டம் இதுதான். இங்கே மிச்சம் விட்ட ஒரு வரி, பிறகு எத்தனை பூச்சு ஏறினாலும் வெளிச்சத்தில் காட்டிக்கொடுத்துவிடும். பிஎல்ஏ எனப்படும் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்குவதால், வெயிலில் நிறுத்திய காருக்குள் அதை விட்டுவைக்கக் கூடாது.

மற்றொன்று வார்ப்பு. மூல உருவின் மேல் சிலிகோன் ரப்பரை ஊற்றி அச்செடுத்து, அதில் இரண்டு திரவங்களைக் கலந்து பாலியூரித்தேன் ரெசினை வார்ப்பார்கள். கலந்த சில நிமிடங்களில் ரெசின் வேதிவினையால் வெப்பத்தை உமிழ்ந்து கெட்டிப்படும். இதற்கு முதல் எதிரி ஈரம். ரெசினில் உள்ள ஐசோசயனேட் நீரோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்ஸைடை வெளியிடுவதால் வார்ப்பு நுரைத்துத் துளைபடும். மழைக்காலத்தில் மூடி சரியில்லாத டப்பாவே வேலையைக் கெடுத்துவிடும். அச்சுக்கும் இப்படி ஒரு பகை உண்டு. பிளாட்டினம் வினையூக்கியால் இறுகும் சிலிகோன், கந்தகம் கலந்த களிமண்ணைத் தொட்ட இடத்தில் கடைசிவரை பிசுபிசுவென்றே இருக்கும். ஐசோசயனேட் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது என்பதால் வார்ப்பவருக்கு அதற்குரிய சுவாசக் கவசமும் காற்றோட்டமும் கையுறையும் கட்டாயம்.

ரெசினின் அடர்த்தி நீரைவிடச் சற்றே அதிகம். எஃகு நீரைவிடக் கிட்டத்தட்ட 8 மடங்கு அடர்த்தியானது. ஒரு கிலோவைத் தாண்டும் மௌசரின் ரெசின் நகல் அதனால் கையில் வெறும் பொம்மையாகிவிடும். உள்ளே எஃகுத் தண்டைப் புதைத்து எடை கூட்டுவது வழக்கம். எடையைக் குழலில் மட்டும் ஏற்றினால் முனை தாழும். பிடியிலும் பகிர்ந்து வைத்தால்தான் ஏந்தும் மணிக்கட்டு அதை நிஜம் என்று ஏற்கும்.

இனி வருவது பழசாக்குதல். பலர் இதை அழுக்குப் பூசும் கடைசி வேலையாக நினைத்து அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் இதற்குத்தான் அதிக அறிவு வேண்டும். ஒரு பொருளின் மேல் உள்ள ஒவ்வொரு தடத்துக்கும் ஒரு காரணம் இருக்கும், அந்தக் காரணம் அடியில் உள்ள உலோகத்தைப் பொறுத்தது. மௌசரின் கருநீல நிறம் சாயமன்று. எஃகைத் திட்டமிட்டுத் துருவேற்றி, கொதிநீரில் இட்டு, அந்தச் செந்துருவை மேக்னடைட் என்னும் கறுப்பு இரும்பு ஆக்ஸைடாக மாற்றி, இதைத் திரும்பத் திரும்பச் செய்து பெற்ற மெல்லிய படலம் அது. அது தேய்ந்தால் வெள்ளை எஃகு தெரியும். எஃகைக் கவனியாமல் விட்டால் பழுப்புத் துரு பூக்கும். கிராஃப்ளெக்ஸ் குழாயோ முலாம் பூசிய பித்தளை. முலாம் போன இடத்தில் மஞ்சள் தெரியும், காலப்போக்கில் களிம்பு பச்சையாக ஏறும். பித்தளையில் செந்துரு தீட்டினால் எத்தனை அழகாகத் தீட்டியிருந்தாலும் அது பொய்.

தேய்மானம் எங்கே விழும் என்பதும் இயற்பியல்தான். தட்டையான பரப்பில் அழுத்தம் பரவிப்போகும். விளிம்பிலும் முனையிலும் அதே விசை சிறு பரப்பில் குவியும். தோலுறைக்குள் போய்வரும் துப்பாக்கியில் குழல்வாயின் ஓரமும் முன்குறியின் பக்கங்களும் முதலில் வெளுக்கும். நகரப் பேருந்தின் கைப்பிடிக் கம்பியில் கைகள் பற்றும் இடம் மட்டும் பளபளப்பதும் வளைவின் உட்பக்கத்தில் பெயின்ட் அப்படியே இருப்பதும் போன்றதே இது. உரசலால் போன பூச்சின் ஓரம் படிப்படியாக மங்கும், அடிபட்டுப் பெயர்ந்த பூச்சின் ஓரம் வெட்டியது போல் கூர்மையாக இருக்கும். இரண்டையும் ஒரே தூரிகையால் வரைந்துவிட முடியாது.

எனவே திறமையான கைவினைஞர் தேய்மானத்தை வரைவதில்லை, தேய்க்கிறார். முதலில் வெள்ளி நிற உலோகப் பூச்சை அடித்து நன்கு காயவிடுகிறார். அதன் மேல் மெல்லிய கறுப்பு. கறுப்பு முழுதாக இறுகுமுன் விளிம்புகளைக் கம்பி நாரால் இலேசாக உரசினால், நிஜத்தில் எங்கே தேயுமோ அங்கேயே வெள்ளி எட்டிப் பார்க்கும். பூச்சு பெயர்ந்த தோற்றத்துக்கு ராணுவ டாங்கி மாதிரிகள் செய்வோரிடமிருந்து வந்த உத்தி உதவுகிறது: இரு அடுக்குகளுக்கும் இடையில் ஹேர் ஸ்ப்ரே அடிப்பது. மேல் அடுக்கு நீர் சார்ந்த அக்ரிலிக்காக இருந்தால், ஈரத் தூரிகை பட்டதும் நீர் ஊடுருவி ஹேர் ஸ்ப்ரேயைக் கரைக்கும். கறுப்பு செதில் செதிலாக உதிரும். எங்கே உதிரும் என்பதைக் கை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாததே இதன் சிறப்பு. மனிதக் கை வரையும் கீறல்கள் தம்மை அறியாமல் சம இடைவெளியில் விழுந்துவிடும்.

டாங்கி மாதிரியின் எல்லா உத்திகளும் இங்கே செல்லுபடியாகா. 1/35 அளவு மாதிரியில் நிழலையும் விளிம்பு ஒளியையும் மிகைப்படுத்தித் தீட்டினால்தான் கண்ணுக்குத் தெரியும். டிஎல்-44 நகல் முழு அளவு என்பதால் அறையின் வெளிச்சமே அந்த வேலையைச் செய்துவிடும். தீட்டிய நிழல் இங்கே ஒப்பனை போல ஒட்டாமல் நிற்கும்.

கறுப்பான பகுதிகளுக்கு உலோக உணர்வைத் தருவது கிராஃபைட் தூள். அதன் கார்பன் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்லக்கூடியவை. துணியாலோ விரலாலோ தேய்க்கும்போது தகடுகள் பரப்போடு படிந்து, துப்பாக்கி எஃகுக்கே உரிய அடங்கிய கரும்பளபளப்பைத் தரும். டப்பாவில் வரும் எந்த வெள்ளிப் பூச்சும் இதற்கு ஈடாகாது. இதை முடித்த பிறகு மேட் வார்னிஷை முழுக்க அடித்தால் அந்த மினுமினுப்பு மடிந்துவிடும். வார்னிஷ் வேண்டுமானால் முன்பே அடித்துவிட்டு, கிராஃபைட்டைக் கடைசியில் தேய்ப்பதே சரி.

அழுக்குக்குத் தேய்மானத்துக்கு நேர்மாறான புவியியல். அது குழிகளிலும் திருகுத் தலைகளிலும் மூட்டுகளிலும் தங்கும். டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்த பழுப்புக் கறுப்பு எண்ணெய் வண்ணத்தைத் தடவினால் நுண்புழை விசை அதை இடுக்குகளுக்குள் இழுத்துக்கொள்ளும். மேட்டில் உள்ளதைத் துணியால் துடைத்துவிடலாம். மரப்பிடியில் கணக்கு வேறு: கை எண்ணெயால் மரம் கருக்கும், வரிப்பள்ளங்களில் அழுக்கு அடையும், உள்ளங்கை படும் மேடுகளோ வழவழப்பாகும்.

குழல்வாயில் நீலமும் ஊதாவும் தீட்டும் பழக்கம் பரவியிருக்கிறது. எஃகைச் சூடாக்கினால் மேலே உருவாகும் ஆக்ஸைடு படலத்தில் ஒளியலைகள் குறுக்கிட்டு நிறம் காட்டுவது உண்மை. சுமார் 220 டிகிரியில் வைக்கோல் மஞ்சள், 280இல் ஊதா, 300ஐ ஒட்டி நீலம். ஆனால் படப்பிடிப்பில் இடைவிட்டு வெடிக்கும் வெற்றுத் தோட்டாக்கள் குழல்வாயை அந்த அளவுக்குச் சூடேற்றுவதில்லை. அவை விட்டுச் செல்வது கரிப்புகை. திரையில் வந்த துப்பாக்கியின் நகல் என்றால் கரியோடு நிறுத்திக்கொள்வதே நேர்மை. கதையில் வரும் ஆயுதமாகவே அதைக் கற்பனை செய்வோர் நீலத்தைத் தீட்டட்டும்.

தோற்றம் இந்த அளவு கூடிவந்த பொருளைப் பொது இடத்தில் கையாள்வதில் சட்டமும் உண்டு. நிஜம் போன்ற போலித் துப்பாக்கிகளின் விற்பனையை பிரிட்டன் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் கட்டுப்படுத்தியது. அமெரிக்காவில் பொம்மைத் துப்பாக்கிகளின் முனையில் செம்மஞ்சள் நிறம் வேண்டும் என்பது கூட்டாட்சி விதி. திரைப்பட, நாடகப் பயன்பாட்டுக்கு விலக்கு உண்டு. வெளியே எடுத்துச் செல்வோர் மூடிய பெட்டியில் கொண்டுபோவதே பாதுகாப்பு.

முதல் படத்தின் டிஎல்-44களில் இன்று எஞ்சியிருப்பதாகச் சொல்லப்படும் ஒன்று 2022இல் அமெரிக்க ஏலத்தில் 10 லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. எஃகுக்கு ஆயுள் நீளம். ரெசின் நகலுக்கு அவ்வளவு ஆயுள் இல்லை: புற ஊதாக் கதிர் பட்டால் பாலியூரித்தேன் மஞ்சளாகி நாளடைவில் நொறுங்கும், மெல்லிய குழல் தன் எடையாலேயே மெதுவாக வளையும். காட்சிக்கு வைப்பவர்கள் நேர்வெயில் படாத அலமாரியில், குழலையும் பிடியையும் இரண்டு இடங்களில் தாங்கும் நிலைச்சட்டத்தில் வைக்கிறார்கள்.